இடமிருந்து மூன்றாவது ஜன்னல்

அத்தியாயம் 14

"பெரியவரே, வாரத்துக்கு ஒரு பொய் போதும். மூன்று தாங்கவில்லை" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நியாயமான கோரிக்கை. ஆனால் போன வாரம் நான் சொன்னதில், நாற்பதாவது மாடியில் ஒரு பருந்து என் துணியைப் பிடுங்கிப் பக்கத்து ஜன்னலைத் துடைத்துக் கொடுத்தது என்பது மட்டும்தான் மிகை. அது பாதி ஜன்னல்தான் துடைத்தது.

மற்றதெல்லாம் நடந்தது. உயரக் கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளியிலிருந்து துடைப்பது எங்கள் பிழைப்பு. நான் செய்தேன், இப்போது என் மகன் செய்கிறான். ஊர் உலகமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்ட அந்த வருஷத்தில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஜன்னல் வேலைக்குப் போன நாங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டோம். கூட வந்த ஆட்கள் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வாளிகள் வைக்கும் கொட்டகையில் நானும் மகனும் பதினெட்டு நாள் படுத்திருந்தோம்.

அந்தப் பதினெட்டில் பதினாலாவது நாள்தான் மருமகளை அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நிறைமாசம், கூடவே காய்ச்சல், சோதித்தால் கொரோனா. குழந்தை பிறந்தது. பிறந்த உடனே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தாய் இரண்டாவது மாடியில், பிள்ளை ஐந்தாவது மாடியில். நாலாம் நாள் ராத்திரி குழந்தைக்கும் காய்ச்சல் என்று செய்தி வந்ததோடு போன வாரம் நிறுத்தினேன்.

ஐந்தாம் நாள் காலையில் முடிவு தெரிந்தது. அதற்கும் இருக்கிறதாம்.

பிறந்து முழுசாக ஐந்து நாள் ஆகவில்லை. கடைத்தெருவுக்குப் போனதில்லை. யாருக்கும் கை கொடுத்ததில்லை. கல்யாண வீட்டில் கட்டிப்பிடித்ததில்லை. அதற்கும் கொரோனா.

மருமகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் நாங்கள் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம், பயம்தான் காரணம். காலை ஏழு மணிக்கு அவள் போன் செய்தாள். டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தாள்.

"இத்தனை சின்னதுகளுக்குப் பெரும்பாலும் லேசா வந்துட்டுப் போயிடுதாம். ஆனா மூச்சைப் பார்க்கணுமாம். நிமிஷத்துக்கு அறுபதுக்குள்ள இருக்கணும். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பார்ப்பாங்க. நல்லா இருந்தா என் பக்கத்துலயே கொண்டுவந்து படுக்க வைச்சுடுவாங்க. ரெண்டு பேருக்கும் இருக்கும்போது பிரிச்சு வைக்கிறதுல அர்த்தம் இல்லையாம்."

"இல்லேன்னா?" என்றான் மகன்.

"இல்லேன்னா மூச்சு மெஷின் வைக்கிற ரூம். அங்கே என்னை விட மாட்டாங்க."

பிறகு அவள் சொன்னாள்: "நான் இன்னும் அவளைத் தொடலைங்க. முகத்தை ஒரு நிமிஷம் தூக்கிக் காட்டினாங்க. அப்போ எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை."

மகன் எழுந்து கயிறுகளை எடுத்தான். "அப்பா, இன்னைக்கு மேற்குப் பக்கம்."

"வடக்குப் பக்கம் பாதியில கிடக்கேடா?"

"மேற்குப் பக்கம்."

ஐந்தாவது மாடியில் பச்சைக் குழந்தைகளின் தனியறைகள் மேற்குப் பக்கம்தான் இருந்தன. ஆறு அறை, ஆறு ஜன்னல், அறைக்கு ஒரு குழந்தை. முந்தின நாளே அங்கிருந்த சிஸ்டரிடம் போனில் கேட்டு வைத்திருந்தான். "இடமிருந்து மூணாவது அறை" என்று அவர் சொல்லியிருந்தார்.

என் மகனைத் தொழிலில் எல்லோரும் நேர்கோடு என்பார்கள். ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்தால் ஒரு கோடு மிச்சம் இருக்காது. வாயும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொன்னதில்லை. எனக்கு எப்படி இப்படி ஒரு பிள்ளை என்று பலமுறை கவலைப்பட்டிருக்கிறேன்.

மொட்டை மாடியில் கயிற்றை இரண்டு தூணில் கட்டி, மூன்றாவது ஜன்னலுக்கு நேராக அவனை இறக்கினேன். காதில் ஒயர் மாட்டிக்கொண்டான். டீச்சர், அவன், நான் மூவரும் ஒரே போன் இணைப்பில். கீழே தெருவில் ஒரு வண்டி இல்லை. ஒரு ஹாரன் இல்லை. இருமினால் பக்கத்துக் கட்டடம் திரும்பி இருமியது.

"தெரியுதா?" என்றாள் டீச்சர்.

"பொறு."

"என்ன பொறு? தெரியுதா, இல்லையா?"

"சோப்பு போட்டுட்டேன். வழிச்சுட்டுச் சொல்றேன்."

"பெத்த பிள்ளையைப் பார்க்கப் போன இடத்துல யாராவது முதல்ல சோப்பு போடுவாங்களா!"

"கை தானாப் போட்டுடுச்சு."

சர்ரென்று வழிக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மேலிருந்து எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட் கண்ணாடியில் முட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

"தெரியுது. தூங்குது. வெள்ளைத் தொப்பி."

"யாரு மாதிரி இருக்கா?"

நேர்கோடு நிஜமாகவே யோசித்தான். "குழந்தை மாதிரி."

"உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க. சரி, போர்வை ஏறி இறங்கறது தெரியுதில்ல? எண்ணுங்க. ஒரு நிமிஷம் முழுசா. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கற வேலை வேண்டாம்."

எண்ணினான். ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு தடவை முப்பத்திரண்டாவது மாடியில் கயிறு அறுந்து நான் கீழே வந்து சேருவதற்குள் வீட்டுச் சாமான் பட்டியல் போட்டு முடித்தேன். அதைவிட இது நீளம்.

"நாற்பத்திரண்டு."

"இன்னொரு தடவை."

"நாற்பத்திரண்டு."

டீச்சர் சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருமினாள், இருமிக்கொண்டே அழுதாள். "இருங்க, பசிக்குது" என்றாள்.

அப்போது குழந்தை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியதாம். உள்ளே யாரும் இல்லை. மகனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஈரக் கண்ணாடியில் விரலை வைத்துக் கீச், கீச், கீச் என்று தேய்த்தான். அழுகை நின்றது. விரலை எடுத்தான், ஆரம்பித்தது. தேய்த்தான், நின்றது. ஒன்றேகால் மணி நேரம் ஒரே ஜன்னலைத் துடைத்தான். தொழில் வரலாற்றில் அவ்வளவு சுத்தமான ஜன்னல் கிடையாது.

உச்சியில் கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குப் பழைய ஞாபகம். நானும் இவனை முதலில் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அப்போதெல்லாம் அப்பன்களைப் பிரசவ வார்டுக்குள் விடமாட்டார்கள். வேலைக்கு வந்தவன் என்று சொல்லி நாலாவது மாடிக்குக் கயிற்றில் இறங்கினேன். என் மனைவி படுக்கையில் இருந்தாள், பக்கத்தில் இவன். பிறந்து இரண்டு நாள். என்னைப் பார்த்தான். விரலை நீட்டி, நான் விட்டுவிட்ட ஒரு கறையைக் காட்டினான்.

யாரும் நம்புவதில்லை. சாட்சி சொல்லக்கூடியவளும் இப்போது இல்லை.

அவளோடு பழகியதே ஜன்னல் வழியாகத்தான். மூன்றாவது மாடியில் டைப் அடிக்கும் ஆபீஸ். நுரையில் விரலால் எழுதுவேன். உள்ளே இருப்பவளுக்குச் சரியாகத் தெரியவேண்டுமானால் எழுத்தை இடவலமாகத் திருப்பி, வலமிருந்து இடமாக எழுதவேண்டும். "நாளைக்கும் வருவேன்" என்று எழுதினேன். அவள் பதிலை டைப் அடித்துக் காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள்: "இடது மூலையில் அழுக்கு இருக்கிறது." இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அந்த ஆபீஸ் ஜன்னலை வாரத்துக்கு மூன்று முறை துடைத்தேன். முதலாளி கேட்டதற்கு அந்தப் பக்கம் தூசி ஜாஸ்தி என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு தூசி குறைந்துவிட்டது.

திருப்பி எழுதும் வித்தை மகனுக்கும் வரும். அவன் அதில் தேதியும் வேலை நேரமும் மட்டும் எழுதுவான்.

மதியம் பன்னிரண்டரைக்குக் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டீச்சர் போன்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யாரு, நானா?" என்றான் மகன்.

"டாக்டரம்மா இப்பதான் பேசினாங்க. அறுபத்தி நாலு. மூக்குல ஆக்சிஜன் குழாய் வைச்சிருக்காங்க. காலையிலேர்ந்தே அறுபதுக்கு மேலதானாம், சார்ட்ல இருக்கு. நீங்க நாற்பத்திரண்டுன்னீங்க. நான் அதை நம்பி பிரெட் தின்னேன். அவ அங்கே மூச்சு வாங்கிட்டு இருந்தப்போ நான் இங்கே ஜாம் தடவி பிரெட் தின்னேன்."

"நான் எண்ணினேன் டீச்சர். ரெண்டு தடவை."

"நான் மனசு ஒடிஞ்சுடக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க, அதானே? உங்க வாயில பொய் வராதுன்னுதான் உங்களை எண்ணச் சொன்னேன். இல்லேன்னா மாமாவை இறக்கியிருப்பேன்ல?" நிறுத்தினாள். "மாமா, லைன்ல இருக்கீங்களா? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"இல்லம்மா. சத்தியமா இல்லை."

"நீங்க சத்தியம் பண்ணினாத்தான் எனக்குச் சந்தேகமே வருது மாமா."

வைத்துவிட்டாள்.

அறுபத்தெட்டு வருஷத்தில் ஒரு உண்மை சொன்னேன். அதற்கு இதுதான் மரியாதை.

மகன் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாற்பத்திரண்டுதான்பா" என்றான். "வேணும்னா மறுபடி எண்ணட்டுமா?"

எனக்கு அவனைத் தெரியும். அவன் நாற்பத்திரண்டு என்றால் நாற்பத்திரண்டு. டாக்டரம்மாவும் இல்லாததைச் சொல்பவர் இல்லை. இரண்டு கணக்கும் சரி என்றால் வேறு எதுவோ தப்பு.

வெளியே போய் மேற்குச் சுவருக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தேன். இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. சரிதான். அப்புறம், சிஸ்டர் எங்கே நிற்பார் என்று யோசித்தேன். உள்ளே நிற்பார். என்னைப் பார்த்தபடி நிற்பார். கட்டடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். இடது கையைத் தூக்கினேன். கை மறுகோடியைக் காட்டியது.

நாற்பது வருஷமாக ஜன்னலை எண்ணுகிறோம், முதலில் நான், பிறகு அவனும். ஒரு நாளும் உள்ளேயிருந்து எண்ணியதில்லை. எங்களுக்கு உலகத்தில் வெளிப்பக்கம் ஒன்றுதான். ஆறு ஜன்னலில் உள்ளேயிருந்து மூன்றாவது, வெளியேயிருந்து நாலாவது. பக்கத்து ஜன்னல். ஒன்றேகால் மணி நேரம் என் பேத்திக்கும் அவள் அப்பனுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர் இருந்திருக்கிறது.

"டேய்" என்றேன், "நீ வேற யார் வீட்டுப் பிள்ளையையோ எண்ணியிருக்கே."

அவன் எழுந்து வந்து பார்த்தான். இடது கையைத் தூக்கினான். வாளியை ஓங்கி ஒரு உதை விட்டான். அவன் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வாளிக்கு இன்னும் அந்த நெளிசல் இருக்கிறது.

டீச்சர் அவன் போனை எடுக்கவில்லை. என் போனை எடுத்தாள். சொன்னேன்.

"ஆறுல மூணு... அந்தப் பக்கத்துலேர்ந்து நாலு" என்றாள் மெதுவாக. "மூணாம் வகுப்புக் கணக்கு. எனக்கே தோணலையே மாமா."

"எங்க தொழில் புத்திம்மா."

"அவர்கிட்ட குடுங்க." கொடுத்தேன். "சாயங்காலம் டாக்டரம்மா பார்க்கிற நேரத்துக்குச் சரியான ஜன்னலுக்குப் போங்க. எனக்கு நம்பர் வேணும். நல்லதோ கெட்டதோ, உள்ளதைச் சொல்லுங்க."

"சரி."

"அது சரி, காலையில யாரைப் பார்த்துட்டு இருந்தீங்க?"

"தெரியலை" என்றான்.

மேற்குச் சுவரில் சாயங்காலம் வேலை செய்யக் கூடாது. இது எங்கள் தொழிலின் முதல் பாடம். வெயில் கண்ணாடியில் நேராக அடிக்கும், சோப்பு வழிப்பதற்குள் காய்ந்து கோடு கோடாக நிற்கும். காவலாளிக்குக்கூட இது தெரியும். "இந்நேரத்துல என்ன பெரியவரே?" என்று கீழேயிருந்து கத்தினார். சூரியன் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று சொன்னேன்.

ஐந்தே முக்காலுக்கு மகன் நாலாவது ஜன்னலுக்கு முன்னால் தொங்கினான்.

"தெரியுதா?" என்றாள் டீச்சர்.

"இல்லை. என் மூஞ்சிதான் தெரியுது. வெயில்."

"ஏதாவது செய்யுங்க."

சட்டையைக் கழற்றினான். ஹெல்மெட்டுக்கு மேல் போட்டு, இரண்டு ஓரத்தையும் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பழைய போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதுபோல இருந்தது.

சத்தமே இல்லை.

"ஏங்க?"

"உன் நெற்றி" என்றான். "உன் நெற்றி டீச்சர். நடுவுல அதே சுருக்கம். தப்பு விடை எழுதினவனைப் பார்ப்பியே, அப்படிப் பார்க்குது."

காலையில் குழந்தை மாதிரி என்றவன் இவன்தான். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்ட சத்தம் எனக்கு மொட்டை மாடியில் கேட்டது.

"எண்ணுங்க."

எண்ணினான். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"அறுபத்தி மூணு" என்றான்.

அறுபத்தி மூன்றை ஐம்பத்தொன்பது என்று சொல்லவில்லை. நானாக இருந்தால் முப்பது என்றிருப்பேன்.

"சரி" என்றாள் அவள். "இப்ப நம்பறேன். மறுபடி எண்ணுங்க."

"அறுபத்தி ஒண்ணு."

"மறுபடி."

"டாக்டரம்மா உள்ளே வர்றாங்க. என்னைப் பார்த்துட்டாங்க. திட்டற மாதிரி இருக்கு... இல்லை, கையைக் காட்டி இருங்கறாங்க. ஸ்டெதாஸ்கோப் வைக்கிறாங்க. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாங்க."

"நீங்களும் எண்ணுங்க. கூடவே எண்ணுங்க."

அவன் வாய்விட்டு எண்ணினான். இரண்டாவது மாடியில் அவளும் சேர்ந்து எண்ணினாள். நாற்பது. நாற்பத்தைந்து. நான் கயிற்றைப் பிடித்திருந்தேன், கயிறுதான் என்னைப் பிடித்திருந்தது. ஐம்பது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து.

"நிறுத்திட்டாங்க. நிமிஷம் முடிஞ்சுடுச்சு. ஐம்பத்தி ஏழு. எனக்கு ஐம்பத்தி ஏழு வந்துச்சு!"

"அவங்களுக்கு?"

"தெரியலை. மறுபடி எண்ணறாங்க." ஒரு யுகம் போயிற்று. "எழுதறாங்க. என் பக்கம் திரும்பறாங்க. விரலைக் கீழே காட்டறாங்க. என்னை இறங்கிப் போகச் சொல்றாங்க."

"உங்களை இல்லை, மக்கு!" என்று டீச்சர் கத்தினாள். கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் அவள் அவனை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவளை! கீழே! என்கிட்ட!"

ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு அவள் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டிலை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். மூக்குக் குழாய் இருக்கும், ராத்திரி முழுக்க மூச்சைப் பார்க்கவேண்டும், ஏறினால் திரும்ப மேலே என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். எனக்குக் கேட்டது, முகமூடிக்குள் ஒரு பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும், ஒரு பூனைக்குட்டி முனகலும். அப்புறம், "விரல் அஞ்சும் இருக்கு மாமா. எண்ணிட்டேன்."

அதோடு அன்றைய வேலை முடிந்தது என்றுதான் கயிற்றை இழுக்கப் போனேன்.

"அப்பா, இருங்க" என்றான் மகன். காலைச் சுவரில் ஊன்றிப் பக்கவாட்டில் எக்கி, மூன்றாவது ஜன்னலை எட்டிப் பார்த்தான். "இங்கே ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. உள்ளேயிருந்து, நான் படிக்கிற மாதிரி."

"படிங்க" என்றாள் டீச்சர்.

"'காலையில் கதவுக்கு வெளியே இருந்து பார்த்தேன், நீங்கள் இருந்தவரை இவன் அழவில்லை. பிறகு நன்றாகப் பால் குடித்தான். பிறந்து ஒன்பது நாளில் இவனைப் பார்க்க வந்த முதல் ஆள் நீங்கள்தான். இவன் அம்மா ஐசியூவில் இருக்கிறார். நீங்கள் இவனுக்கு என்ன உறவு? இப்படிக்கு, சிஸ்டர்.'"

தொட்டிலிலிருந்து மட்டும் முனகல் வந்துகொண்டிருந்தது.

"என்னன்னு எழுத?" என்றான். "ஜன்னல் துடைக்கிறவன்னு எழுதிடட்டுமா? அதானே உண்மை."

"கூடாது" என்றாள் கணக்கு டீச்சர். "உறவுன்னு எழுதுங்க."

"பெரியப்பாவா, சித்தப்பாவா? அவங்க அப்பாவுக்கு என்ன வயசுன்னு தெரியாதே."

"சித்தப்பான்னு எழுதுங்க. வயசைக் குறைச்சுச் சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

வாளியில் கையை விட்டு நுரையை எடுத்தான். வெயில் காய்ச்சிய கண்ணாடியில், காய்வதற்குள், எழுத்தைத் திருப்பி, வலமிருந்து இடமாக எழுதினான். சித்தப்பா. நாளைக்கும் வருவேன்.

என் மகன் சொன்ன முதல் பொய். மொட்டை மாடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை என் பிள்ளைதான்.

கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நாங்கள் கீழே வந்தபோது, மேற்குச் சுவருக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முகமூடி. தாடி ஒரு வாரம். கையில் ஒரு துணிப்பை, மணிக்கட்டில் இன்னும் கழற்றாத நோயாளிப் பட்டை, அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டிருக்கிறார்கள். அண்ணாந்து ஐந்தாவது மாடியையே பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் கயிற்றைப் பார்த்ததும் ஆறடி தள்ளி நின்று சொன்னார்:

"சிஸ்டர் இப்பதான் போன்ல சொன்னாங்க, என் பையனைப் பார்க்க அவன் சித்தப்பா வந்திருக்காருன்னு."

மகன் நுரை காய்ந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எனக்குத் தம்பியே கிடையாதுங்க" என்றார் அவர்.